மேஸ்திரியின் நெஞ்சுக் காயம்

விண்கல் மோதிச் சரக்கு அவிழ்ந்ததாம். விண்கப்பலின் கிடங்கு மேஸ்திரி பாய்ந்துபோய், எகிறி வந்த பெட்டியைத் தன் நெஞ்சாலேயே தடுத்து எல்லார் உயிரையும் காப்பாற்றினாராம். துறைமுகத் தெருவில் டீக்கடை முதல் முடிவெட்டும் கடை வரை இதே பேச்சு. விசாரித்தோம். பெட்டி அவிழ்ந்தது உண்மை. மேஸ்திரிக்கு நெஞ்சு இருப்பதும் உண்மை. மிச்சத்துக்கு அவருடைய மைத்துனியிடம்தான் போக வேண்டியிருந்தது.

அவளுக்கும் அதே கப்பலில்தான் வேலை. கோளுக்குக் கோள் சரக்கு ஏற்றிப்போகும் கிழட்டுக் கப்பல். பெட்டிகளைப் பட்டை போட்டு இறுக்கிக் கட்டுவது அவள் பொறுப்பு. அண்டத்தை வெல்லப் புறப்பட்ட மனிதகுலம் இந்த முறை ஏற்றி அனுப்பியது கழிப்பறைப் பீங்கான். வழியெல்லாம் எடையில்லாமல் சாதுவாக இருக்கும் சரக்கு, வேகத்தைக் குறைக்க எஞ்சினைப் போட்டதும் திமிறும். அப்படித் திமிறிய ஒரு பெட்டி சுவரில் மோதிச் சுக்குநூறானது.

பழி அவள் தலையில் விழுந்தது. கப்பலேறும் அனுமதி அட்டையைப் பிடுங்கப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். அது போனால் எந்தக் கப்பலும் அவளைச் சேர்க்காது.

"நான் இறுக்கித்தான் கட்டினேன், மாமா. நீங்களே பார்த்தீங்களே?"

"பார்த்தேன்மா. ஏதோ கை தளர்ந்திருக்கும், விடு. கேப்டன்கிட்ட உனக்காக நாலு வார்த்தை நல்லதா சொல்றேன்."

எவ்வளவு பெரிய மனசு!

அக்காவிடம் முறையிட்டாள். "அவரு நெஞ்சைக் குடுத்துக் கப்பலைக் காப்பாத்தியிருக்காரு. நீ வாயைக் குடுத்து மாட்டிக்காதே" என்றாள் அக்கா.

விசாரணை கேப்டன் அறையில் நடந்தது. கேப்டன் கொட்டாவியும் கையுமாக உட்கார்ந்திருந்தார். தெருவில் ஒன்றாக இருந்த பெட்டி அங்கே மூன்றாகியிருந்தது. "மோதுச்சு சார். நான் அசையலையே!" என்றார் மேஸ்திரி. காயத்தைக் காட்டு என்று ஒருவரும் கேட்கவில்லை. அவராகவே சட்டையைக் கழற்றினார்.

நெஞ்சின் நடுவில் கன்றிப்போன ஒரு சதுரம். அதிலிருந்து இரண்டு பக்கமும் அக்குள் வரை ஓடிய அகலமான தடம். அந்தச் சதுரத்தை மைத்துனி தினமும் கையால் பூட்டித் திறக்கிறாள். சரக்குப் பட்டையின் பக்கிள்.

"பெட்டி உங்களைச் சுத்திக் கட்டிக்கிச்சா, மாமா?"

கேப்டனின் கொட்டாவி பாதியில் நின்றது.

எடையில்லாத இடத்தில் தூங்கினால் உடம்பு மிதந்துபோய் எங்காவது முட்டும்; அதனால் எல்லாரும் தங்களைச் சுவரோடு கட்டிக்கொண்டுதான் படுப்பார்கள். கிடங்கிலேயே படுக்கும் மேஸ்திரியின் படுக்கைப் பட்டை அறுந்துவிட்டது. ஸ்டோருக்குப் போய்ப் புதிதாகக் கேட்கச் சோம்பல். பக்கத்துப் பெட்டியிலிருந்து ஒன்றை உருவித் தன்னைக் கட்டிக்கொண்டு குறட்டையில் இறங்கிவிட்டார். எஞ்சின் போட்டபோது பெட்டி பறந்தது. பட்டை மேஸ்திரியை நன்றாக நெரித்துப் பிடித்துக்கொண்டது. அந்தக் கிடங்கிலேயே சிந்தாமல் சிதறாமல் வந்துசேர்ந்த சரக்கு அவர்தான்.

"அப்ப விண்கல்லு?" என்றார் கேப்டன்.

"தூக்கத்துல ஏதோ சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சு, சார்."

அட்டை அவளிடமே தங்கியது. மேஸ்திரிக்கும் வேலை போகவில்லை, இப்படிப்பட்டவர்களுக்குப் போவதில்லை. மறுநாள் அக்கா வந்து தலையைக் குனிந்தபடி மன்னிப்புக் கேட்டாள்.

"நீ ஏன்க்கா கேக்குறே? அவரு வாயிலருந்து வரட்டும்" என்று தங்கை திருப்பி அனுப்பிவிட்டாள்.

நெஞ்சு வலிப்பதால் பேச முடியவில்லை என்று மேஸ்திரி சொல்லியனுப்பியிருக்கிறார். வயிறாரச் சாப்பிட முடிகிறது. பக்கத்து வீட்டுக்காரரோடு மணிக்கணக்கில் சண்டை போட முடிகிறது. அந்த மன்னிப்பு மட்டும் இன்னும் பாக்கி.