பெரட்டுக்குப் போன மணி

இலங்கையில், ஓப்பநாயக்க ஊர்ப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்து நான் ஓய்வு பெற்ற மறுவாரமே, என் நாய் மணி காலையில் வேலி தாண்டி ஓடத் தொடங்கியது. வயிறாரச் சோறு போட்டும் ஏன் ஓடுகிறது? வேலியை உயர்த்தினேன். அப்படியும் ஓடியது.

ஒருநாள் கங்காணி அதைக் கூட்டிவந்தார். அவர் முன்னாலேயே பிரம்பால் அடித்தேன்.

“அடிக்காதீங்க ஐயா! அது பெரட்டுக்குத்தான் வருது. வேலை பிரிக்கிறப்ப நீங்க நிப்பீங்களே, அந்த எடத்துல வந்து உக்காருது. ‘புதுக் கணக்கப்புள்ள’ன்னு பொண்ணுங்க சிரிக்கிறாங்க. நீங்க ரிட்டயர் ஆனது அதுக்கு எப்படிங்க தெரியும்?”

தொழிலாளர்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் அந்தக் காலைப் பெரட்டுக்கு, பதினொரு வருடம் தினமும் அதைக் கூட்டிப்போனவன் நான்தான்.

மறுநாள் கேட்டைத் திறந்து வைத்தேன். மணி வாசல்வரை போய், என்னைத் திரும்பிப் பார்த்தபடி நின்றுவிட்டது. அடிக்குப் பயந்தா, நானும் வரவேண்டும் என்றா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.