பூரணம் அக்கா காவல் இருந்த நாய்

என் அக்கா பூரணம் ஓரிடத்தில் இருந்து சோறு தின்றதை நான் கண்டதில்லை. அடுப்படியில் நின்றபடி இரண்டு வாய், கிணற்றடிக்குப் போகிற வழியில் ஒரு வாய், மாட்டுக்கு வைக்கோல் போட்டுவிட்டு வந்து மிச்சம். இணுவிலில் எங்கள் வளவுக்குள் இரண்டு வீடுகள். ஒன்றில் நானும் என் மனைவியும். மற்றதில் அக்காவும் அவள் புருஷன் முருகேசு அத்தானும். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அத்தான் தவில்காரர். நான் அதே கூட்டத்தில் ஒத்து ஊதுகிறவன். நாயனக்காரரும் தவில்காரரும் பேர் வாங்கிக்கொண்டிருக்க, ஒரே சுருதியை மணிக்கணக்காக ஊதிக்கொண்டு நிற்பவனுக்கு ஊரைப் பார்க்க நிறைய நேரம் கிடைக்கும். அப்படிப் பார்த்ததில் என் அக்காவைப் போல எதற்கும் பதறுகிற பதகளிப்புக்காரி ஒருத்தியை நான் எங்கும் கண்டதில்லை.

ஒரு வேலையில் மட்டும் அவள் கை பதறாது. தவில்காரர் வலது கை விரல்களில் கூடு மாட்டுவார்கள். அதை அவள்தான் செய்வாள். பழஞ்சீலையைக் கிழித்து, அரிசிமாப் பசை தடவி, அத்தானின் விரலிலேயே வைத்துச் சுற்றி, மெல்லக் கழற்றிச் சுளகில் வெயிலுக்கு வைப்பாள். காய்ந்தால் மரம் மாதிரி இறுகிவிடும். அக்கா சுற்றிய கூடு விரலை உறுத்தாது என்று அயலூர்த் தவில்காரர்களும் கேட்டு வருவார்கள்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்திய ஆண்டு, சிவராத்திரிக்குக் கீரிமலைக் கோயிலில் வாசித்துவிட்டுத் திரும்பியபோது அத்தான் சால்வைக்குள் ஒரு நாய்க்குட்டியைப் பொதிந்து கொண்டுவந்தார். ரைகர், அதாவது புலி, என்று இங்கிலீசில் பெயர் வைத்தார். புலிக்கும் அதற்கும் இருந்த ஒரே ஒற்றுமை பல்தான்.

எனக்கு நாய்களைப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் நாய்க்காகப் பரிந்து பேசுவதாக யாரும் நினைக்கக்கூடாது. ஆனியிலே அதற்குக் கால்கள் நீண்டுவிட்டன. அகப்பைக் காம்பு, பாயின் மூலை, என் மனைவியின் குடைப்பிடி, என் ஒத்தின் துணி உறை எல்லாம் அதன் வாய்க்குள் போய்வந்தன. பறிக்கப் போனால் தலையைத் தாழ்த்தி, பிடரி மயிரைச் சிலிர்த்துக்கொண்டு உறுமும். அக்கா விளக்குமாற்றோடு துரத்துவாள். முற்றத்தைச் சுற்றி, கிணற்றைச் சுற்றி, மாட்டுக் கொட்டிலைச் சுற்றி இரண்டும் ஓடும். நாய்க்கு அது நல்ல விளையாட்டு. துரத்த ஆள் வேண்டுமென்றே சில நாட்களில் அது எதையாவது கவ்விக்கொண்டு வந்து அவள் முன்னால் நிற்கும்.

மூலையில் மடக்கியபின் கதை வேறு. அவள் அடித்துப் பறித்தெடுப்பாள். ஒவ்வொரு முறை பறித்தபோதும் அடுத்த முறை உறுமல் கொஞ்சம் முந்தியே தொடங்கியது. இது எனக்கே தெரிந்தது. அவளுக்குத் தெரியவில்லை, நின்று பார்க்க அவளுக்கு ஏது நேரம்?

"இஞ்சருங்கோ, உந்தக் கண்டறியாத நாயை எங்கையாவது கொண்டுபோய் விடுங்கோ. எனக்கு உதோடை ஆய்க்கினைப்பட ஏலாது" என்பாள்.

"பிள்ளை மாதிரித்தானே பூரணம், வளர வளர அடங்கும்" என்பார் அத்தான்.

"பிள்ளை அகப்பை தின்னுமோ?"

அத்தான் பக்கத்தில் கிடந்த செம்பிலோ கதவிலோ விரலால் தட்டிக்கொண்டிருப்பார்.

பிறகு சுளகில் காய்ந்த கூடுகளில் நாயின் கண் விழுந்தது. அரிசிமா வாசமல்லவா? இரண்டு முறை தின்றுவிட்டது. இரண்டாம் முறை அக்கா யாரிடமும் கேட்காமல் ஒரு முடிவெடுத்தாள். அச்சுவேலியிலிருந்து சந்தைக்கு வாழைக்குலை ஏற்றிவரும் வண்டிக்காரன் கனகரத்தினம் தோட்டக் காவலுக்கு நாய் தேடிக்கொண்டிருந்தான். அவனை வழியில் மறித்து, வந்து கொண்டுபோ என்று சொல்லிவிட்டாள். அத்தான் முகம் வாடிப்போனது. 

கனகரத்தினம் வருவதற்குள் நாய் தன் கைவரிசையைக் காட்டிவிட்டது. ஆவணி மாதம், ஒரு கல்யாணத்துக்குப் போகக் காலையில் எல்லோரும் புறப்பட்டு நிற்கிறோம். அன்றைக்கு மாட்ட வைத்திருந்த கூடுகளில் ஒன்றைக் கவ்விக்கொண்டு ரைகர் வேலி மூலைக்குள் பதுங்கியது. அக்கா விளக்குமாற்றை ஓங்கினாள். நாய் உறுமியது. அவள் அடித்தாள். அடி விழக்கூடாதென்று அத்தான் குறுக்கே குனிந்து கையை நீட்டினார். அந்தக் கையை நாய் பிடித்துவிட்டது. வலது கை, மோதிர விரல். இரத்தம் வேட்டியில் கொட்டியது.

நான் அவரைக் கூட்டிக்கொண்டு, ஊர் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி ஐயாவிடம் ஓடினேன். அவர் காயத்தைக் கழுவி, கார்போலிக் அமிலம் போட்டுச் சுட்டார். அத்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். பிறகு அப்போதிக்கரி கேட்டார்: "நாய் எங்கை?"

"வீட்டிலை நிக்குது."

"அதைக் கொல்ல விடாதேங்கோ. கட்டி வைச்சுப் பாருங்கோ. பத்து நாளும் சுகமா நிண்டால் ஒரு பயமும் இல்லை. செத்துதோ, வாயாலை வடியுதோ, அண்டைக்கே இவரைக் கொழும்புக்கு ஏத்த வேணும், ஊசி போட. நாயை இப்பவே அடிச்சுப்போட்டியள் எண்டால் அது விசர் நாயோ நல்ல நாயோ எண்டு எப்பிடித் தெரியும்?"

 நாங்கள் புறப்படும்போது அடுத்த வளவு அருளம்பலம் தடிப் பொல்லோடு வேலிப் படலையைத் திறந்துகொண்டு வந்ததைக் கண்டிருந்தேன். அந்த மாதம்தான் பக்கத்து ஊரில் வெறி பிடித்த விசர் நாய் கடித்த ஒருவர் தண்ணீரைக் கண்டு அலறி அலறிச் செத்திருந்தார். ஊர் முழுக்க அதே பேச்சாக இருந்தது.

அத்தானை அங்கேயே விட்டுவிட்டு ஓடிவந்தேன். நான் வரும்போது நாய் மாட்டு வண்டிக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்தது. அருளம்பலம் குனிந்து பொல்லால் குத்திக்கொண்டிருந்தான். அக்கா பக்கத்தில் நின்று, "அடி! விடாதை, அடி!" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அது செத்தால் அத்தான்ரை உயிருக்கு உத்தரவாதம் இல்லையாம்!" என்றேன். மூச்சு வாங்க மிச்சத்தையும் சொன்னேன்.

 அவள் அருளம்பலத்தின் பொல்லைப் பிடித்து இழுத்தாள். "விடு! என்ரை நாயிலை கை வைச்சியெண்டால் நடக்கிறது வேறை!" என்றாள். பாவம், அவன் அவள் கூப்பிட்டுத்தான் வந்திருந்தான்.

அன்றிலிருந்து அந்த வளவில் ஒருவருக்கும் நிம்மதி இல்லை. நாயை மாமரத்தில் மாட்டுக் கயிற்றால் கட்டினோம். அது பொழுதுபடுவதற்குள் கயிற்றைக் கடித்துப் பிரித்துவிட்டது. அறுத்துக்கொண்டு தெருவுக்குப் போனால் எவனாவது அடித்துப் போடுவான், அல்லது கண்காணாமல் போய்விடும். இரண்டும் அத்தானுக்கு ஆபத்துத்தான். சங்கிலி வாங்கி மாட்டினோம். அது சங்கிலியையும் கடித்தது.

அக்கா அதன் முகத்தையே பார்த்தாள். கடித்தால், "ஐயோ, விசர் பிடிச்சுத்தான் கடிக்குதோ?" என்பாள். கடிக்காமல் படுத்தால், "ஏன் சோர்ந்து கிடக்குது?" என்பாள். உறுமினாலும் பயம், உறுமாவிட்டாலும் பயம். நாய்க்கு ஒரு சட்டி தண்ணீர் வைத்து, அது நக்கிக் குடிக்கும்வரை நிற்பாள். உடனே ஒரு செம்போடு அத்தானிடம் போவாள்.

"ஒரு வாய் தண்ணி குடியுங்கோ."

"இப்பதானே குடிச்சனான்."

"பரவாயில்லை, குடியுங்கோ."

மனிதருக்கு அந்த விசர் நோய் அப்படி உடனே வராது என்று அப்போதிக்கரி சொல்லியிருந்தார். அவள் காதில் அது ஏறவில்லை. எதற்காகத் தருகிறாள் என்று அத்தானுக்குத் தெரியும். அவள் கண் முன்னாலேயே மடக்கு மடக்கென்று குடித்துவிட்டுச் செம்பைக் கவிழ்த்துக் காட்டுவார். அவருக்கும் உள்ளுக்குள் பயம்தான். விரல் தட்டுவதை நிறுத்திவிட்டிருந்தார். அந்த வீட்டில் அப்படி ஓர் அமைதியை நான் அறிந்ததில்லை, எனக்கு அது பிடிக்கவும் இல்லை.

பனம்பழக் காலம். பழக்களியை வெயிலில் காயவைத்துப் பனாட்டுப் போடுவதற்காகப் பிசைந்தெடுத்த கொட்டைகள் குவியலாகக் கிடந்தன. சங்கிலியைக் கடித்து நாயின் பல் முரசில் இரத்தம் வருவதைக் கண்டு அக்கா ஒரு கொட்டையை எடுத்து எறிந்தாள். தும்போடு இனிப்பாக இருந்ததால் அது இரண்டு காலுக்கும் நடுவில் வைத்து மத்தியானம் முழுக்கச் சூப்பியது. சங்கிலியை மறந்தே போனது. நாய்க்குக் கடிக்க வேண்டும், அவ்வளவுதான். கடிக்க ஒன்றும் கொடுக்காமல் நாங்கள் ஆறு மாதமாக அகப்பையைப் பறித்துக்கொண்டிருந்தோம்.

கொட்டையை எடுக்கப் போனால் மட்டும் பழைய உறுமல் வந்தது. இப்போது அடிக்க அக்காவுக்குத் துணிவில்லை, அடித்து ஏதாவது ஆகிவிட்டால்? ஒரு துண்டுக் கருவாட்டைப் பக்கத்தில் போட்டாள். நாய் கொட்டையை விட்டுவிட்டுக் கருவாட்டுக்கு வந்தது. அவள் கொட்டையை எடுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, திருப்பிக் கொடுத்தாள். நாய் அவளை வியப்போடு பார்த்தது. அன்று பின்னேரம் முழுக்க அதே வேலை. எடுப்பாள், கொடுப்பாள், எடுப்பாள், கொடுப்பாள். அடுத்தடுத்த நாட்களில் கருவாடு இல்லாமலேயே, "விடு" என்றால் விட்டது. அவள் கை கிட்ட வந்தால் வாலை ஆட்டத் தொடங்கியது.

கட்டிக் கிடக்கிற நாய் இருப்புக்கொள்ளாமல் சுற்றுவதையும் அவளால் பார்க்க முடியவில்லை. விடிந்ததும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு குறுகிய ஒழுங்கையில் ஓடுவாள். நாய் இழுக்க அவள் ஓடினாளா, அவள் இழுக்க நாய் ஓடியதா என்று சொல்வது கடினம். பெண்கள் வேலிக்கு மேலால் பார்த்துச் சிரித்தார்கள். திரும்பி வந்தால் நாய் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு பேசாமல் படுத்துவிடும். அவளுக்கும் அன்று கொஞ்சம் படபடப்புக் குறைந்திருக்கும்.

நடுவில் ஒரு நாள் அது சாப்பிடவில்லை. தண்ணீரையும் தொடவில்லை. நான் கொழும்பு ரெயிலைப் பற்றி விசாரிக்கப் புறப்பட்டேன். அக்கா மாமரத்தடியில் இருந்துவிட்டாள். அசையாமல், நாயின் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தாள்.  பின்னேரம் நாய் எழுந்து, வயிற்றை எக்கி, ஒரு கட்டிப் பனந்தும்பை வாந்தியெடுத்தது. பிறகு சட்டித் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சோற்றுக்கு வந்தது. அக்கா எழுந்து செம்பை எடுத்துக்கொண்டு அத்தானிடம் ஓடினாள்.

பத்து நாள் முடிந்தது. அப்போதிக்கரி வழியால் போகும்போது எட்டிப் பார்த்து, "இனிப் பயமில்லை, அம்மா" என்றார். அன்றைக்கென்று கனகரத்தினமும் வண்டியோடு வந்து படலையில் நின்றான். நடந்த ஒன்றும் அவனுக்குத் தெரியாது.

அக்கா மாமரத்தடிக்குப் போய்ச் சங்கிலியைக் கழற்றினாள். கழற்றியவள் திரும்பி அத்தானை ஏசத் தொடங்கினாள். பத்து நாளாக ஒரு கடும் சொல் சொல்லாமல் வைத்திருந்தது முழுவதும் வந்தது. "ஆர் உங்களைக் கையை வைக்கச் சொன்னது? நாய்க்கு ரெண்டு அடி விழுந்தால் என்ன? எனக்கு ஆர் இருக்கினம் எண்டு நினைச்சனியள்?"  அவள் ஏசவில்லை, அழுகிறாள் என்று எங்களுக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது.

கனகரத்தினம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, அப்ப நாய்?" என்றான்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"வண்டியைத் திருப்பிக்கொண்டு போ, தம்பி. இந்த மனுசன் இருக்குமோ போகுமோ எண்டு இவ்வளவு நாளும் இதன்ரை முகத்தைத்தானே பாத்துக்கொண்டு இருந்தனான். இனி இதைப் பாக்காமல் எனக்கு இருக்க ஏலாது."