உழவு நின்றுபோன பதினாறு ஏக்கர்

திருப்பூரிலிருந்து ஒரு காலைப்பொழுதில் போய்வருகிற மாதிரி, மரங்களுக்குள் நடக்க இடம் உண்டா என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருந்தார்கள். உண்டு. ஆனால் அங்கே நடந்ததைச் சொல்லாமல் வழி மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நாங்கள் முதலில் போனது 1993 தை மாதம். அப்போது ராயபுரத்தில் குடியிருந்தோம். மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் எனக்கு செக்கிங் வேலை. பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி இருமல் விடவேயில்லை. வாரம் ஒருநாளாவது நல்ல காற்றில் நடக்கச் சொன்னார் டாக்டர். என் கணவர் காதர், நூல் வண்டி டிரைவர் ஒருவரிடம் விசாரித்து இந்த இடத்தைக் கண்டுபிடித்தார்.

காலை ஏழு மணிக்குக் காங்கேயம் பஸ். ஆளுக்கு மூன்று ரூபாய். காங்கேயத்துக்கு நாலு கிலோமீட்டர் முன்பே இறங்கி, மண்பாதையில் இரண்டு கிலோமீட்டர் நடந்தோம். எட்டேகாலுக்கு ஒரு முள்வேலிப் படலின் முன்னால் நின்றோம். நிலத்துக்காரர் நாச்சிமுத்து, ஐம்பது வயதுக்காரர், படலைத் திறந்துவிட்டார்.

"காசெல்லாம் வேண்டாமுங்க. தடத்த உட்டுப்போட்டு எறங்கீராதீங்க அம்மணி. உள்ள யாரையாச்சும் பாத்தா வந்து சொல்லுங்க."

"உள்ள வேற யாருங்க இருக்காங்க?" என்றார் காதர்.

"எங்கண்ணனுங்க. பஸ்ஸெறங்கி வந்தா இந்தக் குறுக்குத் தடத்துலதான் ஊட்டுக்கு வருவாரு."

அவராகவே சொன்னார். பத்து வருடங்களுக்கு முன்னால் ஒரு ஆடி மாதம், பாகம் பிரிப்பதில் அண்ணன் தம்பிக்குள் பேச்சு முற்றியிருக்கிறது. அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்க் காங்கேயம் பஸ் ஏறியதை ஊரே பார்த்திருக்கிறது. அதன்பிறகு தகவலில்லை. "பாதி நெலம் அவரோடதுங்க. அவரில்லாம நான் எப்படி ஏரு பூட்டறது?" பருத்தி விளைந்த பதினாறு ஏக்கரையும் அப்படியே விட்டுவிட்டார். வேம்பும் வெள்வேலும் தானாக எழுந்தன. சாயப்பட்டறை பாய்லருக்கு விறகு கேட்டு வந்த லாரிகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். தடங்களில் மட்டும் புல் மூடாமல் தினமும் நடந்துவந்திருக்கிறார், அண்ணனுக்காக.

தடங்களையெல்லாம் சுற்றிவந்தால் மொத்தம் மூன்று கிலோமீட்டர். மரங்களுக்கடியில் பழைய உழவுச்சால்கள் அழியாமல் கிடந்தன. செருப்பை மீறிக் காலில் தட்டுப்பட்டன. குருவிச் சத்தம்கூட இல்லை. யாரோ சற்றுமுன் கடந்து போனதுபோல் ஒரு கிளை ஆடிக்கொண்டிருந்தது. காதர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

ஒன்பது மணி இருக்கும். எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது. சாய்ந்து நிற்கலாமென்று தடத்தை விட்டு இறங்கி, முள்புதர் ஓரமாக ஒரு வேம்பை நோக்கிப் போனேன். காலுக்கடியில் தரை மெத்தென்று அமுங்கியது. அடுத்த நொடி, மண்ணுக்குள்ளிருந்து மாடப்புறாக்கள் கூட்டமாகச் சிறகடித்துக்கொண்டு மேலே வந்தன. காதர் என் கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் இரண்டு பேரும் தடத்தில் விழுந்தோம். நான் நின்ற இடத்தில் தரை இல்லை. கல்லைத் தூக்கிப் போட்டார். வெகுநேரம் கழித்து, தண்ணீர்ச் சத்தம் இல்லாமல், 'டக்'கென்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

ஓடிப்போய் நாச்சிமுத்துவிடம் சொன்னோம்.

"அது வத்திப்போன கெணறுங்க. எங்கப்பன் காலத்துலயே பனைமரத்தக் குறுக்க போட்டு, மண்ணள்ளி மூடுனது" என்றபடி வந்தவர், பக்கத்தில் வந்ததும் குனிந்து பார்த்தார். நான் மிதித்து உடைத்த ஓட்டைக்கு அந்தப் பக்கம், கொடி படர்ந்த இன்னொரு ஓட்டை இருந்தது. பழையது. புறாக்கள் போய்வந்தது அதன் வழியாகத்தான். அவர் பஸ் ரோடு இருக்கும் திசையைப் பார்த்தார். பிறகு மரங்களுக்கிடையே தெரிந்த தன் வீட்டு ஓட்டுக்கூரையைப் பார்த்தார். தடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"திரும்பி வந்திருக்காருங்க" என்றார். "கோவிச்சுட்டுப் போனவரு, ஊட்டுக்குத் திரும்பி வந்திருக்காரு."

மத்தியானம் தீயணைப்புக்காரர்கள் கயிறு கட்டி இறங்கினார்கள். எலும்புகளோடு ஒரு வெள்ளி அரைஞாண் மேலே வந்தது. அதைக் கையில் வாங்கிய நாச்சிமுத்து, வேட்டி நுனியால் மண்ணைத் துடைத்தார். தேய்ந்த இடம் பளபளத்த பிறகும் துடைத்துக்கொண்டேயிருந்தார்.

பஸ்ஸில் வரும்போது காதரிடம் கேட்டேன். கிணற்றுக்கும் வீட்டுக்கும் இருநூறு அடிதான். விழுந்தவர் கூப்பிட்டிருந்தால் யாருக்கும் கேட்டிருக்காதா?

காடு இன்றைக்கும் இருக்கிறது. நாச்சிமுத்துவின் மகன் பார்த்துக்கொள்கிறார். கிணற்றைச் சுற்றி ஆளுயரத்துக்குச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். எட்டு மணிக்கு முன்பே போய்விடுங்கள்; வெயில் ஏறினால் சிரமம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும், முள் ஏறாத செருப்பும் வேண்டும். தனியாகப் போகவேண்டாம்.

ஆடி மாதத்தில் மட்டும் போகாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அப்போது மரங்களைப் பேயாட்டம் ஆட்டும். நாங்கள் ஒருமுறை போனோம். பத்தடி பின்னால் நின்று காதர் தொண்டை கிழிய என்னைக் கூப்பிட்டிருக்கிறார். எனக்குக் கேட்கவேயில்லை.