பதினோராம் நம்பர் ரூமில் நான் பார்த்த பூச்சி

எட்டுக்கால் பூச்சி என்றால் எனக்கு இன்றைக்கும் ஆகாது. நாற்பது வயதைத் தாண்டியாயிற்று, இரண்டு பிள்ளைகளைப் பெற்றாயிற்று, ஆபீசில் பத்துப் பேரை அதட்டி வேலை வாங்குகிறேன். ஆனால் பாத்ரூம் சுவரில் ஒன்று நின்றால் அன்றைக்கு எனக்குக் குளியல் இல்லை. சின்னவன் வந்து விளக்குமாற்றால் அதைத் தள்ளிவிட்டு, என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போவான். சிரித்துக்கொள்ளட்டும். இந்தப் பயத்தை வைத்துக்கொண்டு அவன் அம்மா ஒரு காலத்தில் ஒரு கல்யாணத்தையே நிறுத்தியிருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியாது.

அப்பா திருவண்ணாமலையில் ஒரு லாட்ஜில் மேனேஜராக இருந்தார். மேனேஜர் என்றதும் கோட்டு சூட்டு என்று நினைத்துவிட வேண்டாம். சாவி கொடுப்பது, சாவி வாங்குவது, தண்ணீர் வரவில்லை என்று கத்துகிறவர்களிடம் மோட்டார் போட்டாயிற்று என்று சொல்வது, இதுதான் வேலை. லாட்ஜின் பின்பக்கத்திலேயே எங்களுக்கு இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டும் விட்டிருந்தார்கள். பௌர்ணமிக்கு மலை சுற்ற வரும் கூட்டம் பெருக ஆரம்பித்திருந்த காலம் அது. அன்றைக்கு மட்டும் ஒரு ரூமில் பத்துப் பேர் படுப்பார்கள். மறுநாள் எல்லோரும் கிளம்பியதும் மாடி ரூம்களைப் பூட்டினால் அடுத்த பௌர்ணமிக்குத்தான் திறப்போம். இடைப்பட்ட நாளெல்லாம் அவை பூச்சிகளின் வீடு.

பௌர்ணமி நெருங்கினால் அந்த ரூம்களில் ஒட்டடை அடிப்பது அக்காவுக்கும் எனக்கும் உள்ள வேலை. அக்காவுக்குப் பதினெட்டு வயது, எனக்கு ஒன்பது. இரண்டு பேருக்கும் என்று பெயர்தான், நான் வாசற்படியைத் தாண்டமாட்டேன். முறத்தைப் பிடித்துக்கொண்டு கதவோரமாக நிற்பேன். அவ்வளவு பயப்படுகிறவள் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொள்ள வேண்டியதுதானே என்றால், அதுவும் முடியாது. கண் அதன் மேலேயே போய் நிற்கும். கூரை மூலையில் குச்சிக் கால்களோடு தொங்கிக்கொண்டு, துடைப்பம் பட்டால் உடம்பையே கிடுகிடுவென்று ஆட்டுகிற ஒரு வகை உண்டு. ஜன்னல் கம்பியில் குதித்துக் குதித்துப் போய், நின்று, திரும்பி நம்மையே பார்க்கிற குட்டி ஒன்று உண்டு. அதுகளைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாக ஒன்று இருக்கிறதே, வலையும் கட்டாது ஒன்றும் கட்டாது, சும்மா சுவரில் அப்பிக்கொண்டு நிற்கும். அதுதான் எனக்கு எமன். அதில் பெட்டை, வயிற்றுக்கடியில் வெள்ளையாக ஒரு வில்லையைக் கட்டிக்கொண்டு திரியும். அது முழுக்க முட்டை என்று அக்கா ஒருநாள் சொன்னாள். ஒரு வில்லைக்குள் எத்தனை குஞ்சு, அத்தனைக்கும் சேர்த்து எத்தனை கால் என்று கணக்குப் போட்டுப் போட்டே அந்த வாரம் நான் சாப்பிடவில்லை.

அக்கா அதை வெறுங்கையால் பிடிப்பாள். இரண்டு கையையும் குவித்து மூடி, மாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் உதறிவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அடுத்த ரூமுக்குப் போவாள். எனக்கு அவளைப் பார்த்தாலும் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும்.

அம்மாவுக்குப் பூச்சியிடம் பயமில்லை, அதன் மூத்திரத்திடம்தான் பயம். எங்கள் பக்கத்தில் உடம்பில் எங்கே கொப்புளம் கிளம்பினாலும் முதலில் சொல்வது இதுதான்: எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பெய்துவிட்டது, அக்கி வந்திருக்கிறது. அக்கிக்கு டாக்டரிடம் போகமாட்டார்கள். மண்பானை செய்கிறவர்கள் வீட்டுக்குப் போய் அக்கி எழுதிக்கொள்வார்கள். செங்காவியைத் தண்ணீரில் குழைத்து, கொப்புளத்தின் மேலும் சுற்றியும் சிங்கம் மாதிரி, நாய் மாதிரி எதையாவது வரைவார்கள். மூன்று நாள் எழுத வேண்டும், அதுவரைக்கும் அதன்மேல் தண்ணீர் படக் கூடாது. கன்னத்தில் சிங்கத்தோடு கடைக்குப் போனாலும் ஊரில் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

அந்த வருஷம் அக்கா பிளஸ் டூ முடித்து, ஆசிரியர் பயிற்சிக்கு வேலூரில் இடம் வாங்கியிருந்தாள். ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ரூம் கேட்டு வருகிறவர்களுக்குச் சாவியோடு சேர்த்து இந்த விஷயத்தையும் கொடுத்து அனுப்பினார். சேர வேண்டிய திங்கட்கிழமைக்கு ஒரு வாரம் இருக்கும்போது லாட்ஜ் முதலாளி வந்தார். ஆரணியில் நெல் மண்டி வைத்திருக்கும் தன் மச்சான் மகனுக்கு அக்காவைப் பார்க்கலாம் என்று வீட்டில் பேசிக்கொண்டார்களாம். வெள்ளிக்கிழமை வருகிறார்களாம். பிடித்திருந்தால் ஆவணியிலேயே முடித்துவிடுவார்களாம். படிப்பு இதுவரைக்கும் படித்ததே போதுமாம். அவர் எங்களிடம் கேட்கவில்லை, தகவல் சொன்னார். நாங்கள் இருந்த வீடும் தின்ற சோறும் அவர் கையில் இருந்தது.

திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும் என்று அக்கா சொன்னாள். அப்பா அவள் முகத்தைப் பார்க்காமலே, "வந்து பாத்துட்டுதானே போறாங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் அப்புறம் பேசிக்கலாம் என்றால் பேசியாயிற்று என்று பொருள். அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அவள் பாட்டுக்குச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒட்டடைக் கோலை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். நான் வழக்கம்போல முறத்தோடு பின்னால் போனேன்.

புதன்கிழமை காலையில் அக்காவின் இடது கன்னம் சிவந்து தடித்திருந்தது. தாடையிலிருந்து கழுத்து வரைக்கும் சின்னச் சின்னக் கொப்புளங்கள். அம்மா வாயில் அடித்துக்கொண்டாள். பதினோராம் நம்பர் ரூமில் ஒட்டடை அடிக்கும்போது மேலே என்னவோ ஊர்ந்த மாதிரி இருந்தது என்று அக்கா நிதானமாகச் சொன்னாள். அம்மாவுக்கு அது போதும். அப்பாவுக்குப் போதவில்லை. இத்தனை வருஷம் வெறுங்கையால் பிடித்துப் போட்டபோதெல்லாம் வராதது, மாப்பிள்ளை வீட்டார் வருகிற வாரம் பார்த்து எப்படி வந்தது என்று கேட்டார். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"நீ கூடத்தானே இருந்த? பூச்சியப் பாத்தியா?"

நான் எதையும் பார்க்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், பூச்சி பூச்சி என்று நான் அலறியபோதெல்லாம் தலையில் குட்டிய வீடு அது. முதல்முறையாக என்னிடம் ஒருவர் அதைப் பற்றி மரியாதையாக விசாரிக்கிறார். பார்த்தேன் என்றேன். எங்கே என்றார். பழுப்பாக, பெரிசாக, அலமாரி மேலேயிருந்து இறங்கி, அக்காவின் தோளில் ஏறி, கன்னத்தில் நின்று, கழுத்து வழியாகப் போயிற்று என்றேன். வயிற்றில் வெள்ளை வில்லையும் இருந்தது என்று சேர்த்துக்கொண்டேன். சொல்லச் சொல்ல எனக்கே உடம்பு புல்லரித்தது. சொல்லி முடிப்பதற்குள் நான் அதை நிஜமாகவே பார்த்திருந்தேன்.

அப்பா அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அந்த ரூமுக்குள் இருந்தவள் அக்கா. என் புளுகு முழுக்க அவளுக்குத் தெரியும். அவள் என்னைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். காட்டிக்கொடுத்துவிடுவாள், இன்றைக்குத் தோல் உரியப்போகிறது என்று நினைத்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. எவ்வளவு நல்ல அக்கா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அம்மா எங்கள் இரண்டு பேரையும் அடி அண்ணாமலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ரோட்டோரமாகச் சட்டி பானை வைத்து விற்கிற ஒரு அம்மா அக்கி எழுதுவாள். அக்காவின் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். விரலால் தொட்டு, அந்த விரலை முகர்ந்தாள். எருக்கம்பால் பட்ட தோல் எப்படி வெந்துபோகும் என்று, நாளெல்லாம் வெட்டவெளியில் மண்ணோடு கிடக்கிற அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? எனக்குத் தெரிவதற்குத்தான் இன்னும் பத்து வருஷம் ஆயிற்று. அம்மா இதற்குள் வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதையும், திங்கட்கிழமை காலேஜில் சேர வேண்டியிருந்ததையும், எல்லாம் பாழாய்ப்போனதையும் கொட்டித் தீர்த்துவிட்டாள். அந்த அம்மா அக்காவையே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அந்த அம்மா காவியைக் குழைத்தாள். கன்னத்தில் ஒரு சிங்கம், கழுத்தில் இரண்டு கோடு, அதோடு விடாமல் நெற்றியிலும் மூக்கிலும் வலது கன்னத்திலும் எழுதினாள். அங்கெல்லாம் ஒன்றும் இல்லையே என்று அம்மா கேட்டதற்கு, "ஏறும்மா, இது ஏறுற ஜாதி" என்றாள். மூன்று நாள் போதுமா என்று அம்மா கேட்டாள். அவள் விரல்விட்டு எண்ணினாள்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் தண்ணி படக்கூடாது. திங்கக்கெழம காலைல தலைக்கு ஊத்திக்கட்டும், சரியாப் பூடும்."

இது மருத்துவக் கணக்கு என்றுதான் அம்மாவும் நானும் நினைத்தோம்.

அப்பா முதலாளியிடம் போய், இரண்டு வாரம் தள்ளி வரச் சொல்லலாமா என்று கேட்டுப் பார்த்தார். பூச்சிக்கடிதானே, மூஞ்சியா மாறிவிடப்போகிறது, வரட்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு மாப்பிள்ளையும் அவர் அம்மா அப்பாவும் முதலாளியின் சம்சாரமும் வந்தார்கள். எங்கள் வீட்டில் உட்கார வைக்க இடமில்லாததால் கீழே மூன்றாம் நம்பர் ரூமில் நாற்காலி போட்டிருந்தோம். அக்கா காபித் தட்டோடு வந்தாள். அதற்கு முன்னால் அவள் அவ்வளவு அடக்கமாக நடந்து நான் பார்த்ததில்லை. பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, முகம் பூராவும் காவி. மாப்பிள்ளையின் அம்மா டம்ளரை எடுக்கக் கை நீட்டி, பிறகு எடுக்காமலே கையை மடியில் வைத்துக்கொண்டார்.

தழும்பு நிற்குமா என்று அவர் கேட்டார். அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அதற்குள் நான் முன்னால் வந்தேன். நடந்ததைச் சொன்னேன். இதற்குள் நான்கைந்து தடவை சொல்லிச் சொல்லிப் பூச்சி நன்றாக வளர்ந்திருந்தது. தோசை அளவு என்றேன். வில்லை வெடித்து, குஞ்சுகள் லாட்ஜ் முழுக்க ஓடிவிட்டன என்றேன். இந்த ரூமும் அந்த ரூம் மாதிரியேதான் என்று சொல்லி, மூலையைக் கையால் காட்டினேன். மாப்பிள்ளை இரண்டு காலையும் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டார். நம்ம ஆள் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நல்ல மனிதர்தான், பாவம். அவர் அம்மா மட்டும் அண்ணாந்து பார்த்தபடியே, ராகு காலத்துக்கு முன்னால் கிளம்ப வேண்டும் என்று எழுந்துவிட்டார். கேசரியை யாரும் தொடவில்லை. அன்றைக்கு எனக்கு அது ஒன்றுதான் லாபம்.

சாயங்காலமே பதில் வந்துவிட்டது. முதல் முதலாகப் பார்க்கும்போதே முகத்தில் அக்கியோடு நின்றது சகுனம் சரியில்லையாம். அதற்குப் பிறகு இரண்டு மாசம் முதலாளி அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மா அடுப்படியில் உட்கார்ந்து, அந்தப் பூச்சி என் பொண்ணு வாழ்க்கையைக் கெடுத்துவிட்டதே என்று அழுதாள். அப்பா சனிக்கிழமை பகல் முழுக்கப் பௌர்ணமிக் கூட்டத்துக்குச் சாவி கொடுத்துவிட்டு வந்து, சட்டையைக் கழற்றிக்கொண்டே, சரி, திங்கட்கிழமை போய்ச் சேர்ந்துகொள், இங்கே இருந்துதான் என்ன செய்யப்போகிறாய் என்றார். தோற்றுப்போனவர் மாதிரி சொன்னார். என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை.

ஏனென்றால் கெடுத்தது பூச்சி இல்லை, நான். அவர்கள் காவியைப் பார்த்து எழுந்துபோகவில்லை, என் கதையைக் கேட்டுத்தான் எழுந்துபோனார்கள். என் கண்ணால் பார்த்தேனே, காலைத் தூக்கி வைத்ததை. இல்லாத பூச்சியைச் சொல்லி, பட்டுப்புடவை கட்டி நின்ற அக்காவின் கல்யாணத்தை நான் கலைத்துவிட்டேன். இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டு திரிந்தேன். சாமி கண்ணைக் குத்தும் என்பதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. அக்கா பாவம் என்பதுதான் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் டிரங்குப் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். போய்ப் பக்கத்தில் நின்றேன். சொல்ல ஆரம்பிக்கும்போதே அழுகை வந்துவிட்டது.

"நான் பூச்சியப் பாக்கவே இல்லக்கா. பொய் சொல்லிட்டேன். என்னாலதான் உன் கல்யாணம் நின்னுபோச்சு."

அவள் மடித்துக்கொண்டிருந்த தாவணியைக் கீழே வைத்தாள். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு குனிந்து, "நானும் பாக்கலடி" என்றாள்.

நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே யோசித்தேன். நானும் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை, ஆனால் கொப்புளம் இருக்கிறது. அப்படியென்றால் பின்பக்கமாக வந்திருக்குமோ என்று கேட்டேன்.

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். சத்தம் வெளியே போகாமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். காய்ந்த காவி வெடித்து உதிர்ந்து பெட்டிக்குள் விழுந்தது. பிறகு என்னைச் சேர்த்துக் கட்டிக்கொண்டாள், விடவே இல்லை, என் சட்டையெல்லாம் சிவப்பாகிவிட்டது. அவள் கன்னம் ஈரமாக இருந்தது. கொப்புளம் எரிகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆமாண்டி, பின்பக்கமாகத்தான் வந்தது, யாரிடமும் சொல்லாதே என்றாள்.

யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் தலைக்குக் குளித்துவிட்டு அவள் வேலூர் பஸ் ஏறினாள். இவ்வளவு பெரிய துரோகம் செய்தவளை ஒரு வார்த்தைகூடத் திட்டாமல் போகிறாளே என்று எனக்கு மனசு ஆறவில்லை. அவள் படித்த அந்த இரண்டு வருஷமும் பள்ளிக்கூடம் போகிற வழியில் பிள்ளையாரிடம் நின்று, என் பாவத்துக்குப் பரிகாரமாக, அக்காவுக்குச் சீக்கிரமே வேறொரு மாப்பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிடும்படி தினமும் தோப்புக்கரணம் போட்டு வேண்டிக்கொண்டேன்.