முதலிடத்தில் போட்ட அணி

கல்லூரிப் பெண்கள் கால்பந்து லீக்கில் இரண்டாம் டிவிஷனை யாரும் கண்டுகொள்வதில்லை. எட்டு அணிகள். மேலே போகிற பலமும் இல்லை, விட்டுவிட்டுப் போக மனசும் இல்லை. சீசன் தொடங்கும் முன் இந்த வருஷம் யார் தேறுவார்கள் என்று உள்ளூர் வாரப் பத்திரிகை ஒன்றில் வருஷா வருஷம் நான்தான் எழுதுகிறேன்.

அதற்கு எட்டு பி.டி. ஆசிரியர்களுக்கும் போன் போட வேண்டும். அதுதான் எரிச்சல். நம் ஊரில் தன் அணி நல்ல அணி என்று யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். "நாங்கல்லாம் எங்கீங்க, அவங்க டீம்தானுங்க டீமு" என்று எட்டுப் பேரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். யார் அதிகம் புலம்புகிறாரோ அவரிடம்தான் சரக்கு இருக்கிறது என்பது நான் கண்டுபிடித்த சூத்திரம். அது இதுவரை தப்பியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

இந்த முறை அதிகம் புலம்பியவர் கிணத்துக்கடவுப் பக்கத்துக் கல்லூரி மேடம். ஃபைனல் இயர் பிள்ளைகள் இன்டர்ன்ஷிப் போய்விட்டார்கள், பதினோரு பேர் சேர்ப்பதே கஷ்டம் என்றார். சிரித்துக்கொண்டே அவர் அணியை முதலிடத்தில் போட்டேன்.

பத்திரிகை வந்த மூன்றாம் நாள், லீக் கமிட்டியில் இருக்கும் நண்பர் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். முதல் ஆட்டத்தை இரண்டு வாரம் தள்ளிவைக்கச் சொல்லி அந்த மேடம் கேட்டாராம். முதலிடத்து அணிக்கு எதற்குச் சலுகை என்று என் கட்டுரையைக் காட்டியே மறுத்துவிட்டார்களாம். ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டத்தையே தொடங்க முடியாது. ஆடாத அணி லீக்கை விட்டே வெளியே. கெஞ்சிப் பார்த்தேன். அட்டவணை அச்சாகிவிட்டது என்றார்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உக்கடத்தில் பஸ் ஏறி, இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன். அந்தக் கல்லூரி மைதானத்தில் இறங்கியதும் தலைகளை எண்ணினேன். ஏழு. மறுபடி எண்ணினேன். ஏழுதான். கோல் கீப்பர் கபடி அணியிலிருந்து வந்தவள். பந்தை விட்டுவிட்டு ஆளைப் பிடிக்கப் போனாள்.

மேடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. இளநீர் வெட்டச் சொன்னார். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். தப்பு என்னுடையது, அடுத்த வாரமே மாற்றி எழுதிவிடுகிறேன் என்றேன். அவர் பந்துகள் வைக்கும் அறையின் கதவைக் காட்டினார். என் கட்டுரையை வெட்டி அதில் ஒட்டியிருந்தார்கள்.

"மாத்தி எழுதிப்போடாதீங்க சார். மூணு பேருதான் வந்துட்டிருந்தாங்க. இதைப் படிச்சுப்போட்டுத்தான் மத்த நாலு பேரும் வாராங்க."

மாற்றி எழுதவில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பி பஸ் ஏறினேன்.

புதன்கிழமை முதல் ஆட்டம். ஏழு பேரில் ஒருத்திக்குக் காய்ச்சல். நேற்றிலிருந்து மூன்று முறை போன் போட்டுவிட்டேன். "நல்லா இருக்காளுங்க சார், நீங்க வெசனப்படாதீங்க" என்கிறார் மேடம். அவர் கஷ்டம் என்றபோது நம்பாதவன் நான். இப்போது நன்றாக இருக்கிறாள் என்கிறார். அதை நம்புவதா வேண்டாமா என்று தெரியாமல், போனைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்துகொண்டிருக்கிறேன்.