கேட்காமல் எடுத்த மீசை

"தாண்டவராயண்ணா, நான் நர்ஸ் ஜெயசுதா. ஒருக்களிச்சிப் படுக்க வைக்கட்டுமா?"

வாரம் ஒருமுறை தொண்டூரிலிருந்து ஸ்கூட்டியில் வந்துகொண்டிருந்த ஜெயசுதா அக்கா, நான்கு வருடத்தில் ஒருநாளும் இப்படிக் கேட்காமல் நைனாவைத் தொட்டதில்லை. பக்கவாதத்தில் பேச்சும் கைகாலும் போனவர் நைனா, என் அப்பா. ஒருமுறை கண் சிமிட்டினால் சரி. இரண்டு முறை என்றால் வேண்டாம்.

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. நான் பி.எஸ்சி. தாவரவியல், எங்கள் வம்சத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். வேலை கிடைக்காததால் நைனாவுக்கு முழுநேரக் காவல். செடியிடம் கேட்டா தண்ணீர் ஊற்றுகிறோம் என்பது என் கட்சி.

போன சித்திரையில் நைனாவின் மீசையில் கஞ்சி ஒட்டி எறும்பு வந்தது. செஞ்சி மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டை தூக்கிய காலத்திலிருந்து அவர் முறுக்கி வளர்த்த மீசை. ஐந்தே நிமிடத்தில் மழித்துவிட்டேன். அவர் இரண்டிரண்டாகச் சிமிட்டிக்கொண்டே இருந்தார். சோப்பு நுரை கண்ணில் பட்டுவிட்டதென்று துடைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு கஞ்சிக்கும் சரி, இளநீருக்கும் சரி, நைனா வாயைத் திறக்கவில்லை. மறுநாள் பயந்துபோய் அக்காவுக்கு போன் செய்தேன்.

வந்து நாடி பார்த்தார். "இப்படியே இருந்தா ஆஸ்பத்திரில சேத்து மூக்குல ட்யூப் போடணும், எழிலா" என்றவர், அப்போதுதான் முகத்தைக் கவனித்தார்.

"மீச எங்கடா?"

"சுத்தமா இருக்கட்டும்னு எடுத்துட்டேங்கா."

"அவரக் கேட்டியா?"

"எறும்பு வந்துடுச்சிக்கா..."

"எறும்பக் கேட்டியான்னு கேக்கல."

கட்டிலருகே உட்கார்ந்தார். "மீசைய எடுத்துட்டான்னு கோவமாண்ணா?"

ஒரு சிமிட்டல்.

"நியாயந்தான். பட்டினி கெடந்தா எப்டி வளரும்? வளரட்டும், நானே வந்து முறுக்கி உடறன். இப்ப ரெண்டு ஸ்பூன் குடிக்கிறீங்களா?"

நைனா என்னைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். பிறகு ஒருமுறை சிமிட்டினார். அக்கா அவரை நிமிர்த்தி, முதுகுக்குத் தலையணை கொடுத்து, அரை ஸ்பூன் ஊட்டி, விழுங்கும்வரை காத்திருந்து அடுத்ததை எடுத்தார். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பட்டதாரிக்கு ஏற்ற வேலைதான்.

மீசை வளர்வதற்குள் அக்காவைக் கல்வராயன் மலைப்பக்கம் மாற்றிவிட்டார்கள். போன் செய்தால், "அண்ணன் மீச பாக்கி இருக்குது, மறக்கல" என்கிறார். இன்னும் வர முடியவில்லை.

இப்போது மீசை அடர்ந்து இரண்டு பக்கமும் தொங்குகிறது. நேற்று சீப்பும் எண்ணெயுமாகப் போய், "நைனா, நான் முறுக்கி உடட்டுமா?" என்று கேட்டேன்.

நிதானமாக இரண்டு முறை சிமிட்டினார். இந்தமுறை சோப்பு நுரையென்று சொல்லிக்கொள்ள வழியில்லை.