ரேஸ் கார் மூக்கில் முனிரத்தினம்

பழைய வண்டியைப் பிரித்துப் பூட்டுகிற தொழிலில் இருப்பவர்களே, துருவைக்கூடச் சமாளித்துவிடலாம், "எப்போ முடியும்?" என்று வந்து நிற்கிறவர்களைத்தான் சமாளிக்க முடியாது. ஓசூரில் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கும் எனக்குப் போன வருஷம் அப்படி வாய்த்தவர் ரோஜாத் தோட்டக்காரர் சீனிவாசன்.

ரோஜாப் பெட்டிக்கு அடியில்

பேரிகைப் பக்கம் அவர் தோட்டத்தில், பூப் பெட்டிகளுக்கு அடியில் நீளமாக ஒரு வண்டி கிடந்தது. ஒரே ஆள்தான் உட்காரலாம். வளைவு, திருப்பம் எதுவும் கிடையாது, நேராக விரட்டி எவ்வளவு வேகம் போகிறது என்று பார்ப்பதற்கென்றே அவர் அப்பா செய்ய வைத்தது. பழைய விமான ஓடுதளம் ஒன்றில் அதை ஓட்டி, பேப்பரில் படமெல்லாம் வந்ததாம். படத்தைக் காட்டினார். மாலையோடு அப்பா, மாலையோடு ஓட்டிய மாமா.

"செஞ்சது யாரு சார்?" என்றேன். "எவனோ ஒரு பிட்டரும்மா, அப்பாவும் இல்ல, மாமாவும் இல்ல, யாரைக் கேக்கறது?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. கம்பெனியில் பதினொரு வருஷம் நானும் பிட்டர்தான். வண்டியை ஓட்டிக் காட்டும் நாளில் அந்த ஆளுக்குத்தான் முதல் மாலை, சம்மதம் என்றால் தொடுகிறேன் என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார்: "கண்டுபிடிச்சிக்கோ தாயி, நான் வேணாங்கல."

கிடைத்தது பெயர்

எங்கள் வெல்டர் நாகராஜ் வண்டியின் மூக்கில் பெயின்ட்டையும் அதற்கடியில் பூசிய பட்டியையும் சுரண்டிக்கொண்டிருந்தவன் திடீரென்று கத்தினான். ஓடிப்போய்ப் பார்த்தால், அலுமினியத்தில் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து: கோ. முனிரத்தினம், பேரிகை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கார் மூக்கில் பெயரை வெட்டுகிறவன் அதைச் செய்தவனாகத்தானே இருப்பான்? சீனிவாசன் அன்றைக்கே முனிரத்தினம் பெயர் போட்டு இரண்டு ஃபிளெக்ஸ் அடித்துவிட்டார். நாகராஜ் மட்டும் தலையைச் சொறிந்தான்: "அக்கா, எங்க வீட்டுக் குடத்துலயும் இப்படித்தான் வெட்டியிருக்கும்."

சால்வையோடு போன இடம்

அவன் பேச்சை யார் கேட்டது? பழத்தட்டு, சால்வையோடு பேரிகைக்குப் போனோம். முனிரத்தினம் கல்யாணப் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவர். சால்வையைப் போர்த்திக்கொண்டு, போனில் மூக்கின் படத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"இது என் அண்டா! அந்த பிட்டர் ஜபார்! அவன் தங்கச்சி கல்யாணத்துக்குப் பிரியாணி அண்டா எடுத்துட்டுப் போனவன். அண்டாவும் வரல, ஆளும் வரல. சிநேகிதன்னு நம்பிக் குடுத்தேன்!" என்று குதித்தார். சீனிவாசன் என் காதருகே வந்து நொந்துபோய்ச் சொன்னார்: "ரெண்டு ஃபிளெக்ஸும்மா, பன்னெண்டுக்கு எட்டு அடி."

சூளகிரியில் ஒரு வாசல்

ஜபார் பாயைச் சூளகிரியில், மகனுடைய டயர் கடையில் விசாரித்துப் பிடித்தேன். வண்டி இன்னும் இருக்கிறது என்றதும் எழுந்து நின்றுவிட்டார். ஓட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது மூக்குத் தகடு விரிசல் விட்டதாம். கண்ணெதிரே அண்டா இருந்தது. அதன் அடிப்பாகம் அளவெடுத்த மாதிரி இருந்ததால் வெட்டிவிட்டார். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தவர், வெட்கத்தில் பேரிகைப் பக்கமே போகவில்லை.

வண்டியை ஓட்டிக் காட்டும் விழாவுக்கு வாருங்கள் என்று கெஞ்சினேன். அந்தப் பேப்பர் படத்தை அவரும் வைத்திருந்தார், ஓரம் மடித்து மடித்துக் கிழிந்திருந்தது. தன் பெயர் ஒரு இடத்திலாவது வர வேண்டும் என்று அந்த மனிதருக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. ஆனாலும் மாட்டேன் என்று தலையாட்டினார்: "மாலை போடுற நேரம் முனிரத்தினம் வந்து அண்டா எங்கடான்னு கேட்டா, நான் என்னம்மா சொல்லுவேன்?"

ஓட்டிக் காட்டிய நாள்

முனிரத்தினத்திடம் திரும்பப் போய் நடந்ததைச் சொன்னேன். கோபமும் படவில்லை, மன்னிக்கவும் இல்லை. "என்னைக்கு விழா?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போச்சு.

விழா அன்று ஜபார் பாயை அவர் மனைவி ஏறக்குறைய இழுத்துக்கொண்டு வந்தார். பளபளவென்று நின்ற மூக்கைப் பாய் தடவிக்கொண்டிருக்கும்போதே மொபெட்டில் வந்து இறங்கினார் முனிரத்தினம். கையில் மஞ்சள் பை. பாய் இரண்டடி பின்னால் போனார்.

பையிலிருந்து அவர் எடுத்தது சின்ன உளியும் சுத்தியலும். யாரையும் கேட்கவில்லை. மூக்கருகே குந்தி, தன் பெயர்மேல் நீளமாக ஒரு கோடு இழுத்தார். "ஐயோ, பாலிஷ்!" என்று பதறிய சீனிவாசனை நான் பிடித்து நிறுத்தினேன். கோட்டுக்குக் கீழே டொக் டொக்கென்று எழுத்து விழுந்தது: ஜபார், சூளகிரி. பாய் குழந்தை மாதிரி அழுதார், நானும்தான், எனக்கென்ன வெட்கம்? முனிரத்தினம் உளியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பாத்திரத்துல யாரு பேரு இருக்குதோ அவங்களுதுதான் பாத்திரம். இனிமே இது உன்னுது பாய், எடுத்துக்கோ."

அப்புறம் பாய் கழுத்தில் முதல் மாலை விழுந்தது, வண்டி ஓடியது, எவ்வளவு வேகம் என்று மட்டும் கேட்காதீர்கள், நேரம் பார்க்க நிறுத்தி வைத்த நாகராஜும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.